சேர்ந்து வெல்லும் விளையாட்டுகள்: குழுவாகச் செயல்படவும் பேசவும் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். செயல்திட்டம் என்று எதையாவது குழுவாகச் செய்யச் சொன்னால், குழுவுக்கு ஒரு பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிடுகிறது. இரண்டு பேர் அந்தப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். மற்றவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டு விளையாட்டுகளை ஆடவைத்தால் இது மாறும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாறுமா, எந்த விளையாட்டுகள், போட்டி விளையாட்டுகளை அறவே நிறுத்திவிட வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

மாறும். ஆனால் 'கூட்டு விளையாட்டு' என்ற பெயரில் நடப்பவற்றில் பாதிக்கு மேல் உங்கள் வகுப்பில் இப்போது நடப்பதையே மைதானத்தில் திரும்ப நடத்திக் காட்டும். பிள்ளைகளைக் குழுவாக நிறுத்துவதால் ஒத்துழைப்பு வருவதில்லை. அடுத்தவர் இல்லாமல் முடிக்கவே முடியாத ஒரு வேலையை அவர்கள் கையில் கொடுக்கும்போதுதான் வருகிறது. ஆகவே எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: குழுவிலேயே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, மற்றவர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டுத் தனியாக இதை முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது கூட்டு விளையாட்டு அன்று, பார்வையாளர்களோடு நடக்கும் தனி விளையாட்டு. ஒரே ஒரு சார்ட் பேப்பரும் ஒரே ஒரு ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து 'குழுவாக வரையுங்கள்' என்று சொல்வது இந்தச் சோதனையில் தேறாது. உங்கள் வகுப்பில் பென்சில் சீவுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அங்கே வேலையே இல்லை.

இங்கே இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. கபடி, கோ-கோ, கைப்பந்து போன்றவற்றில் அணிக்குள் ஒத்துழைப்பும் அணிகளுக்கு இடையில் போட்டியும் இருக்கின்றன. இரண்டாவது வகையில் எதிரணியே கிடையாது. எல்லோரும் ஒரு பக்கம், சிக்கலோ கடிகாரமோ மறு பக்கம். வென்றால் எல்லோரும் வெல்வார்கள், தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். ஆங்கில நூல்களில் கூட்டு விளையாட்டு என்று பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. இரண்டுக்கும் இடம் உண்டு என்பதே என் கருத்து. ஆனால் எதை எப்போது ஆடவைப்பது என்பதில் வரிசை முக்கியம், அதற்கு ஒரு பழைய ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1954ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 'ராபர்ஸ் கேவ்' என்ற பூங்காவில், முஸாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு கோடை முகாமை நடத்தினார்கள். சுமார் பதினொரு வயதுடைய, ஒருவரையொருவர் முன்பின் அறியாத 22 சிறுவர்கள் இரண்டு குழுக்களாகத் தனித்தனிப் பேருந்துகளில் அழைத்துவரப்பட்டார்கள். முதல் சில நாட்கள் ஒரு குழுவுக்கு மற்றது இருப்பதே தெரியாது. பிறகு இரு குழுக்களுக்கும் இடையில் பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று தொடர் போட்டி வைத்து, வெல்லும் குழுவுக்கு மட்டும் கோப்பையும் பேனாக்கத்திகளும் பரிசு என்று அறிவித்தார்கள். சில நாட்களிலேயே வசை, கொடி எரிப்பு, மற்றவர் குடிலுக்குள் புகுந்து பொருட்களைக் கலைப்பது என்று நிலைமை முற்றிவிட்டது. பகையைத் தணிக்க முதலில் செய்து பார்த்தது நாமும் வழக்கமாகச் செய்வதுதான்: ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், ஒன்றாகப் படம் காட்டினார்கள். பலனில்லை, சாப்பாட்டு மேசையில் ஒருவர்மேல் ஒருவர் உணவை வீசிக்கொண்டதுதான் மிச்சம்.

பகை இறங்கத் தொடங்கியது பொதுவான சிக்கல்கள் வந்த பிறகுதான். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. தொட்டியையும் குழாயையும் எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. விரும்பிய திரைப்படத்தை வரவழைக்க ஒரு குழுவின் காசு போதவில்லை. இருவரும் பங்கு போட்டார்கள். உணவு வாங்கிவரப் புறப்பட்ட லாரி கிளம்ப மறுத்தபோது, கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே திசையில் இழுத்தார்கள். இந்தத் தடைகளை எல்லாம் ஆய்வாளர்களே திட்டமிட்டு உண்டாக்கியிருந்தார்கள் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. முகாம் முடிந்தபோது இரு குழுவினரும் ஒரே பேருந்தில் ஊர் திரும்ப விரும்பினார்கள். ஒரு குழு தான் வென்றிருந்த ஐந்து டாலரைக் கொண்டு வழியில் எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

இந்த ஆய்வைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது. சிறுவர்கள் அறியாமல் அவர்களைப் பகையாளிகளாக்கியது இன்றைய ஆய்வு நெறிகளின்படி அனுமதிக்கப்படாது. ஆய்வாளர்கள் சண்டையைத் தூண்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அதைவிட நமக்குப் பயன்படுவது அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. 1953இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதேபோன்ற முகாமை நடத்தியபோது, சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். அந்தச் சிறுவர்கள் எதிர்பார்த்தபடி பகைத்துக்கொள்ளவில்லை. மாறாக, முகாம் நடத்துகிறவர்கள்மேல் சந்தேகப்பட்டார்கள். ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது. தோல்வியடைந்த இந்த முகாம்தான் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு அதிகம் கற்பிக்கிறது. முதலில் எதிரணி இல்லாத விளையாட்டுகளில் முப்பத்தாறு பேரையும் பழகவிட்டுவிட்டு, அதன் பிறகு அணி பிரித்தால், போட்டி அவ்வளவாகக் கசப்பை விட்டுச்செல்வதில்லை. கல்வியாண்டு தொடங்கிய முதல் வாரத்திலேயே வகுப்பைச் சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்து மதிப்பெண் பலகை மாட்டிவிட்டு, அடுத்த மாதம் 'ஒற்றுமையாக இருங்கள்' என்று சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை 1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகவே பேசுகிறது. நான்கைந்து வயதுக் குழந்தைகளின் வகுப்புகளில் சில நாட்கள் கூட்டு விளையாட்டுகளையும் சில நாட்கள் போட்டி விளையாட்டுகளையும் மாற்றி மாற்றி ஆடவைத்துக் கவனித்தார்கள். கூட்டு விளையாட்டு நாட்களில் அடிதடி குறைந்து உதவிக்கொள்ளும் நடத்தை கூடியது. போட்டி நாட்களில் நேர்மாறு. விளையாட்டு முடிந்து குழந்தைகள் விருப்பம்போல் ஆடிய நேரத்திலும் இந்த வேறுபாடு தென்பட்டது. ஆடவைக்கும் காலம் முழுவதும் மாற்றம் இருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறதே தவிர, ஒரு வாரம் ஆடவைத்தால் குணம் நிரந்தரமாக மாறிவிடும் என்று காட்டவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் 'குழு மனப்பான்மைப் பயிற்சி முகாம்' பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம், ஆண்டு முழுவதும் என்பதே நான் பரிந்துரைக்கும் அளவு. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் பள்ளிகளில் அந்த இருபது நிமிடமும் எளிதில் கிடைப்பதில்லை என்பது தெரியும். கீழே சொல்லும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை வகுப்பறையிலேயே ஆடலாம்.

முதலில் நான் சொல்லும் விளையாட்டு ஓர் ஆய்வுக் கருவியிலிருந்து வந்தது. மில்லார்ட் மாட்சன் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு பலகையைச் செய்தார். பலகையின் நடுவில் பேனா. பேனாவிலிருந்து நான்கு மூலைகளுக்கும் நான்கு கயிறுகள். மூலைக்கு ஒரு குழந்தை. ஒருவர் இழுத்தால் பேனா அவர் பக்கம் நகரும். நால்வரும் இழுத்தால் எங்கும் நகராது. ஆகவே ஒருவர் இழுக்கும்போது மற்றவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் கோடு விழும். 1969இல் வெளியான ஓர் ஆய்வில் இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுக் குடியிருப்புகளில் வளர்ந்த குழந்தைகளையும் நகரத்துக் குழந்தைகளையும் இந்தப் பலகையைச் சுற்றி உட்காரவைத்தார்கள். குழு முழுவதற்கும் சேர்த்துப் பரிசு என்றபோது இரு சாராரும் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். 'உனக்கான வட்டத்தைப் பேனா தொட்டால் உனக்கு மட்டும் பரிசு' என்று விதியை மாற்றியதும் நகரத்துக் குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கி, ஒருவருக்கும் பரிசு கிடைக்காமல் போனது. கிப்புட்ஸ் குழந்தைகளோ முறை வைத்து எல்லோருக்கும் பரிசு கிடைக்கச் செய்தார்கள். பிள்ளைகளின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நாம் வைக்கும் பரிசு எப்படிப்பட்டது என்று பார்க்கச் சொல்லும் ஆய்வு இது. குழு வேலை கொடுத்துவிட்டு 'இதில் யார் நன்றாகச் செய்தாரோ அவருக்கு ஸ்டார்' என்று அறிவிக்கும் ஆசிரியர், நகரத்துக் குழந்தைகளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கவைத்த அந்த இரண்டாவது விதியைத்தான் தம் வகுப்பில் எழுதுகிறார்.

இந்தப் பலகையை நீங்கள் காசில்லாமலேயே செய்துகொள்ளலாம். தடித்த ஸ்கெட்ச் பேனா ஒன்றின் நடுப்பகுதியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, அதில் ஒரு மீட்டர் நீளமுள்ள சணல் கயிறுகளை ஆறு திசைகளில் கட்டுங்கள். தரையில் சார்ட் பேப்பரை ஒட்டி, ஆறு பிள்ளைகள் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கயிற்றின் நுனியை மட்டும் பிடிக்க வேண்டும், பேனாவைத் தொடக்கூடாது. முதலில் ஒரு நேர்க்கோடு, பிறகு ஒரு சதுரம், பிறகு 'ட', 'ப', கடைசியாக 'அ'. முதல் சுற்றில் பேனா சாய்ந்து விழும், கயிறுகள் தொய்யும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இரண்டாவது சுற்றில், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, ஒரு குரல் "எல்லாரும் இழுத்துப் பிடிங்க, ஆனா யாரும் இழுக்காதீங்க" என்று சொல்லும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், கயிற்றில் விறைப்பு வேண்டும், அசைவு கூடாது என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறது. அதைத் தொடர்ந்து "இப்ப கவிதா பக்கம் கொஞ்சம்... போதும்... இப்ப ரஃபீக் விடு" என்று பெயர் சொல்லிப் பேசும் முறை வரும். யார், என்ன, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்ற நான்கும் உள்ள அந்தச் சிறு வாக்கியம்தான் நாம் தேடும் தகவல் தொடர்புத் திறன். அதைப் பாடமாக நடத்தினால் ஒரு பருவம் ஆகும்.

பேச்சுத் திறனுக்கென்றே ஆடவைக்க வேண்டியது முதுகோடு முதுகு வரையும் விளையாட்டு. இருவர் முதுகோடு முதுகு ஒட்டி அமர்வார்கள். ஒருவர் கையில் சில வடிவங்கள் கொண்ட படம். மற்றவர் கையில் வெற்றுத்தாள். பார்ப்பவர் சொல்லச் சொல்ல, பார்க்காதவர் வரைய வேண்டும். இதன் வேரும் 1960களில்தான் இருக்கிறது. ராபர்ட் க்ராஸ், சாம் க்ளக்ஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு பேருக்கு நடுவில் திரை வைத்து, பெயரில்லாத விசித்திர வடிவங்கள் வரைந்த கட்டைகளை ஒருவர் வாய்மொழியாகவே மற்றவருக்கு அடையாளம் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மழலையர் பள்ளிக் குழந்தைகள் தமக்கு மட்டுமே புரியும் பெயர்களைச் சொன்னார்கள்; அடுத்த பக்கத்தில் இருந்த குழந்தைக்கு அவை ஒன்றுமே விளங்கவில்லை. அதே குழந்தையிடம் அது சொன்ன பெயரையே பிறகு சொல்லிக் கேட்டபோது சரியான கட்டையை எடுத்துக் கொடுத்தது. குழந்தைக்குச் சொல் வளம் இல்லாதது அல்ல சிக்கல். எதிரில் இருப்பவருக்குத் தான் பார்ப்பது தெரியாது என்பது அதற்கு உறைக்காததுதான்.

உங்கள் நான்காம் வகுப்பிலும் முதல் நாள் "இந்தப் பக்கம் ஒரு கோடு போடு, அப்படியே வளைச்சு இங்க கொண்டு வா" என்று ஒரு பிள்ளை விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே சொல்வதைப் பார்ப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பவருக்கு அந்த விரல் தெரியாது. முதல் சுற்றில் வரைபவர் கேள்வி கேட்கக்கூடாது என்றும், இரண்டாவது சுற்றில் கேட்கலாம் என்றும் விதி வையுங்கள். இரண்டு தாள்களையும் மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கேள்வி கேட்க முடிந்த தாள் எவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறது என்பது அவர்களுக்கே கண்ணால் தெரியும். நன்றாகப் பேசுவது என்றால் நிறையப் பேசுவது என்று எண்ணியிருக்கும் பிள்ளைக்கும், கேள்வி கேட்டால் மக்கு என்று நினைப்பார்களோ என்று அஞ்சும் பிள்ளைக்கும் இந்த இரண்டு தாள்கள் போதும். பிறகு ஆளை மாற்றுங்கள். ஆளை மாற்றாமல் விட்டால், சொல்பவர் எப்போதும் சொல்பவராகவே இருந்துவிடுவார்.

இசை நாற்காலியை எல்லோரும் அறிவோம்: பாட்டு நின்றதும் நாற்காலி கிடைக்காதவர் வெளியே. கனடா நாட்டு விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1970களில் பரப்பிய மாற்று வடிவத்தில் நாற்காலிகள்தான் வெளியே போகும், பிள்ளைகள் போவதில்லை. பத்துப் பேர், பத்து நாற்காலி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலி குறையும். எல்லோரும் எப்படியாவது தரையில் கால் படாமல் இருக்க வேண்டும். மூன்று நாற்காலியில் பத்துப் பேர் என்ற நிலையில் நடக்கும் பேச்சுவார்த்தை பார்க்கத் தகுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வேண்டாம், கால் விரியும். செய்தித்தாளைத் தரையில் விரித்து, சுற்றுக்கு ஒரு மடிப்பாக மடித்துக்கொண்டே போவது பாதுகாப்பானது. தொட்டுக்கொள்வதில் தயக்கமுள்ள பிள்ளைகளும் குடும்பங்களும் உண்டு என்பதையும் நினைவில் வைத்து, அவர்களுக்குப் பாட்டை நிறுத்தும் பொறுப்பையோ மடிப்பை அளக்கும் பொறுப்பையோ கொடுக்கலாம்.

பழைய பெட்ஷீட் ஒன்றின் விளிம்பைப் பிடித்து, நடுவில் பந்தை வைத்துத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது ஐந்து வயதிலிருந்து யாருக்கும் பொருந்தும். யார் எந்த எண்ணைச் சொல்வது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல், ஒருவருக்குப் பின் ஒருவராக ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவதும், இரண்டு குரல்கள் மோதினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் கடைசிப் பீரியட் இரைச்சலை அடக்க நல்ல வழி. கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்படி நடப்பதை ஆடவைத்தால், வழிகாட்டுபவர் தொடக்கூடாது என்றும், 'நில்' என்ற சொல்லுக்கு மட்டும் உடனே கட்டுப்பட வேண்டும் என்றும் விதி வைத்துக்கொள்ளுங்கள். கைகளைப் பின்னிக்கொண்டு முடிச்சை அவிழ்க்கும் விளையாட்டை முகாம்களில் விரும்பி நடத்துகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. சில பின்னல்கள் அவிழவே அவிழாது, மணிக்கட்டு சுளுக்கும், பெரிய பிள்ளை இழுக்க மற்றவர்கள் இழுபடுவார்கள்.

மேசை விளையாட்டுகளிலும் இந்த வகை உண்டு. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986இல் வெளியிட்ட பழத்தோட்ட விளையாட்டில், காகத்தின் படம் முழுமையாகச் சேர்வதற்குள் எல்லோரும் சேர்ந்து பழங்களைப் பறித்துவிட வேண்டும். பகடையின் நான்கு முகங்களில் நான்கு நிறங்கள், ஒன்றில் கூடை, ஒன்றில் காகம். புளியங்கொட்டைக்கு வண்ணம் பூசியும், காகப் படத்தை ஒன்பது துண்டுகளாக வெட்டியும் இதை நீங்களே செய்துவிடலாம். ஒன்றாம் வகுப்புக்கு மிகவும் ஏற்றது. பெரிய பிள்ளைகளுக்கான கூட்டு மேசை விளையாட்டுகளில், 2008இல் வந்த 'பாண்டமிக்' உட்பட, ஒரு பலவீனம் எல்லோரும் அறிந்தது: நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் எல்லோருடைய காயையும் தாமே நகர்த்தச் சொல்லிவிடுவார். உங்கள் வகுப்பின் சிக்கலும் இதுவே. இதற்கு மிக நேர்த்தியான தீர்வைக் கண்டது, ஆந்த்வான் போசா உருவாக்கி 2013இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்ற 'ஹனாபி' என்ற சீட்டு விளையாட்டு. அதில் உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்தவர் வாயைத் திறந்தால்தான் உங்களுக்கு விடிவு.

வகுப்பறையில் இதைத் தகவல் சீட்டுகளாக மாற்றலாம். 'காணாமல்போன சாவி யாரிடம் இருக்கிறது?' போன்ற ஒரு புதிரை ஆறு துப்புகளாக வெட்டி, ஆறு பேருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சீட்டை அடுத்தவரிடம் காட்டக்கூடாது, படித்துச் சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். எல்லாவற்றையும் தாமே செய்துவிடும் அந்தப் பிள்ளையிடம் இப்போது ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது. பென்சில் சீவிக்கொண்டிருந்த பிள்ளையிடம் இருக்கும் ஒரு வரி இல்லாமல் புதிர் அவிழாது. குழு முழுவதும் அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குச் சிறிய வரியையோ படமாக வரைந்த துப்பையோ கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளர் 1971இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகளை முதன்முதலாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த பகையைத் தணிக்க, பாடத்தையே இப்படித் துண்டுகளாக்கிப் பகிர்ந்தார். விளையாட்டில் பழகிய பிறகு சமூக அறிவியல் பாடத்துக்கும் இதே முறையைக் கொண்டுபோகலாம். உங்கள் செயல்திட்டக் குழுக்களின் சிக்கலுக்கு நேரடி மருந்து அதுதான்.

நம் ஊர் விளையாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பழமையைப் போற்றுவதற்காக அல்ல. தெருவில் விளையாடிய பிள்ளைகளே உருவாக்கிக்கொண்ட சில ஏற்பாடுகள் எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட நுட்பமானவை. அணி பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தால், கடைசியாக நிற்கும் பிள்ளையின் நிலை எப்படியிருக்கும் என்பதை அப்படி நின்றவர்கள் அறிவார்கள். உத்தி பிரிப்பதில் அந்த அவமானம் கிடையாது. ஏறக்குறைய சமமாக ஆடக்கூடிய இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய், 'சூரியன், சந்திரன்' என்பதுபோல ஆளுக்கொரு பெயரை இரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவர் பெயரைத்தான் கேட்பார், ஆளை அல்ல. அணிகள் சமமாகின்றன, யாரும் கடைசியாக நிற்பதில்லை, 'நாம் இருவரும் சமம்' என்று இரண்டு பிள்ளைகள் தமக்குள் ஒப்புக்கொள்ளும் ஒரு பேச்சும் நடந்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் அணி பிரிக்க வேண்டியபோதெல்லாம் இதையே பயன்படுத்துங்கள். அதேபோல, தம்பியையோ தங்கையையோ இடுப்பில் சுமந்துகொண்டு விளையாட வந்த அக்காமார்களுக்காக 'ஒப்புக்குச் சப்பாணி' என்ற இடம் இருந்தது: சின்னது எல்லோரோடும் ஓடும், அவுட் ஆகாது, கணக்கிலும் வராது. அந்தப் பெயர் ஊனத்தைச் சுட்டுவதால் இன்று அதை அப்படியே வகுப்பில் சொல்ல முடியாது. ஆனால் விதியைத் தளர்த்தி ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

ஏழு கல் விளையாட்டில் கல்லைக் கலைத்த அணி, எதிரணி எறியும் பந்தில் அடிபடாமல் அதைத் திரும்ப அடுக்க வேண்டும். யார் அடுக்குவது, யார் பந்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவது என்று கணப்பொழுதில் பிரித்துக்கொள்ளாத அணி ஒருபோதும் ஜெயிக்காது. கபடியில் பிடிக்கும் அணியினர் கைகோத்து நிற்பதைக் கவனித்தால், வாய் திறக்காமலேயே ஒருவர் கையை இறுக்க மற்றவர் முன்னேறுவது தெரியும். இவையெல்லாம் போட்டி விளையாட்டுகள்தாம். இவற்றை நிறுத்தச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சண்டைகூடப் பயன்படுகிறது: பெரியவர்கள் யாரும் இல்லாத தெருவில் 'அவுட்டா இல்லையா' என்று பிள்ளைகள் வாதாடி, 'சரி, இந்த ஒரு தடவை விடு' என்று முடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். நடுவர் இருக்கும் பள்ளி மைதானத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது விசிலை மேசைக்குள் வைத்துவிட்டு, அடிதடி வந்தால் தவிர தலையிடாமல், விதித் தகராறை அவர்களே தீர்க்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வயதைப் பற்றி ஒரு சொல். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் எழுதிய வகைப்பாட்டின்படி, குழந்தைகள் தனியாக ஆடுவதிலிருந்து அருகருகே ஆடுவதற்கும், பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டு சேர்ந்து ஆடுவதற்கும் மெல்ல நகர்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகளை வட்டமாக நிறுத்தி விதி சொல்வதில் பயனில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாளியைத் தூக்கி வருவதே அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. அதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2011இல் வெளியான ஒரு சோதனையில், இரண்டு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்துப் பரிசைப் பெற்ற மூன்று வயதுக் குழந்தைகள், கிடைத்தது சமமாக இல்லாதபோது தாமாகவே சமமாகப் பங்கிட்டுக்கொள்வது அதிகமாக இருந்தது. உழைக்காமல் சும்மா கிடைத்தபோது அப்படிப் பங்கிடுவது குறைவாக இருந்தது. நான்காம் வகுப்பு வயதில் பிள்ளைகளால் திட்டமிட முடியும், தோல்வியைப் பற்றிப் பேசவும் முடியும். அதனால்தான் உங்களுக்கு இரண்டு சுற்று விளையாட்டுகளையே அதிகம் சொல்கிறேன்.

இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் வரும் அந்த மூன்று நிமிடம்தான் முழு விளையாட்டிலும் விலைமதிப்புள்ள பகுதி. பெரும்பாலான ஆசிரியர்கள் அதில் சொற்பொழிவு ஆற்றிவிடுகிறார்கள். "ஒற்றுமையே பலம் என்று இப்போது தெரிந்ததா?" என்று கேட்டால் "தெரிந்தது மிஸ்" என்று முப்பத்தாறு குரல்கள் வரும், ஒன்றும் நடந்திருக்காது. அதற்குப் பதிலாக, நடந்ததைப் பற்றி மட்டும் கேளுங்கள்: எந்த இடத்தில் பேனா விழுந்தது? அப்போது யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? அடுத்த சுற்றில் எந்த ஒன்றை மாற்றப்போகிறீர்கள்? 'யாரால் தோற்றீர்கள்' என்பது வரக்கூடாது. பிள்ளைகள் அதற்கு உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். வழி உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள். அவர்கள் கண்டுபிடித்த மோசமான வழி, நீங்கள் சொல்லிக்கொடுத்த நல்ல வழியைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் அதைச் சரிசெய்யும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. பாராட்டும்போதும் 'நல்ல குழு' என்று பொதுவாகச் சொல்லாமல், "கயிறு தொய்ந்ததும் எல்லோரும் நின்று காத்திருந்தீர்கள்" என்று நடந்ததைச் சுட்டிச் சொன்னால் அடுத்த முறையும் அதைச் செய்வார்கள்.

அதிகாரம் செய்யும் பிள்ளையை அடக்குவதற்குக் கண்டிப்பைவிட விதி நன்றாக வேலை செய்கிறது. 'இந்தச் சுற்றில் நீ பேசாமல் கை மட்டும் பயன்படுத்து' என்று ஒரு சவாலாக வைத்தால் அது தண்டனையாகத் தெரியாது. இன்னொரு பிள்ளையின் குரல் வெளிவர இடமும் கிடைக்கும். எதிலும் சேராமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை முதல் நாளே ஆறு பேர் குழுவில் போடாதீர்கள். இருவர் விளையாட்டில், அதற்குப் பிடித்த ஒருவரோடு தொடங்குங்கள். திக்கிப் பேசும் பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடுள்ள பேச்சு விளையாட்டு கொடுமை, கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளை இருக்கும் குழுவில், எல்லோரும் வாய் திறக்காமல் சைகையால் மட்டும் ஆடும் சுற்று ஒன்றை வைத்தால், அந்தக் குழுவில் மிகத் தேர்ந்த ஆட்டக்காரர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

முப்பத்தாறு பேருக்கு ஆறு குழுக்கள் என்று கணக்கிட்டால் கயிற்றுப் பேனா விளையாட்டுக்கு ஆறு பேனாக்களும் ஆறு தாள்களும் ஓர் உருண்டைக் கயிறும் போதும். முதல் இரண்டு வாரம் பெட்ஷீட்டும் எண்ணும் விளையாட்டும். அடுத்த இரண்டு வாரம் முதுகோடு முதுகு. அதன் பின் கயிற்றுப் பேனா. பிறகு துப்புச் சீட்டுகள். அதற்கும் பிறகு உத்தி பிரித்து ஏழு கல். குழுக்களை மாதத்துக்கு ஒருமுறை கலையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பெயர் சொல்லிப் பேசும் அளவுக்குப் பழகவே சில ஆட்டங்கள் வேண்டும். மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க விரும்பினால், பருவத் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒரே மாதிரியான துப்புப் புதிரைக் கொடுத்துவிட்டு, ஒரு குழுவின் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பேசியது, எத்தனை முறை அடுத்தவரிடம் கேள்வி கேட்டது என்பதை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். முதல் தாளில் ஒரே பெயருக்கு எதிரே கோடுகள் குவிந்து, கேள்விப் பத்தி ஏறக்குறைய காலியாக இருக்கும். இரண்டாவது தாளில் கோடுகள் எல்லாப் பெயர்களுக்கும் பரவத் தொடங்கியிருந்தால், செயல்திட்டக் குழுக்களைத் திரும்பத் தொடங்க அதுவே சரியான நேரம்.